முரசுக்குள் (ஈறுக்குள்) நிற்கும் மேல் வேட்டைப்பல்லை (கோரைப்பல்லை) இறக்குவது

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பல பெற்றோர், "பாற்பல் விழட்டும், பிறகு முளைக்கும்" என்று 14 வயது வரை பொறுத்துவிடுகிறார்கள். 10 வயதிலேயே வேட்டைப் பாற்பல்லுக்கு மேலே முரசை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் புடைப்பு இருந்து மறுபக்கம் இல்லையென்றால் எக்ஸ்ரே எடுக்கவேணும். பல் அண்ணப் பக்கம் சாய்ந்திருந்தால், 10–13 வயதில் வேட்டைப் பாற்பல்லைக் கழற்றினாலே பல வேளை தானாக இறங்கிவிடும்.

12 மாதமாகியும் எக்ஸ்ரேயில் மாற்றமில்லையா, முரசைத் திறந்து, உள்ளே நிற்கும் பல்லில் அதை இழுக்கச் சிறு சங்கிலி ஒட்டத்தான் வேணும். அதற்கு முன் கம்பி போட்டு 8 மி.மீ. அளவு இடம் எடுத்துவைப்பேன். சங்கிலி கழருவது பெரும்பாலும் ஒட்டும்போது கசிந்த இரத்தத்தால். பஞ்சால் அழுத்தி, பல் நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்டுவது. இழுவை 60 கிராம் போதும். நேரே வரிசைக்கு இழுத்தால் பக்கத்து வெட்டும்பல்லின் வேரில் இடிக்கும். முதலில் வேரைவிட்டு விலக்கி, பிறகுதான் வெளியே. பல் அசையாமல் பக்கத்துப் பற்கள் மேலேறினால் அது எலும்போடு ஒட்டியிருக்கலாம், இழுப்பதை நிறுத்துங்கள்.