ஒரு தகரம் தண்ணீர், 30 பேர்: நாடுகடத்தல் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் எங்களிடம் கதை எழுதிப் பழக வரும் பிள்ளைகளில் சிலர் சயாம் மரண ரயிலைக் கையில் எடுக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியப் படை அள்ளிச் சென்ற தமிழரின் கதை அது. எழுதப்பட வேண்டிய கதை. ஆனால் அந்தப் பிரதிகளைத் திருத்தும்போது, ஒரு காலத்தில் நாங்கள் விட்ட பிழைகளே அதே இடங்களில் வந்து நிற்கின்றன. எழுத்துப்பிழையும் நீண்ட வர்ணனையும் போகப்போகத் திருந்தும். கீழே உள்ளவை தாமாகத் திருந்தாதவை.

மொத்த எண்ணைச் சொல்லித் துக்கம் கேட்பது

பாதையின் நீளம் 415 கிலோமீற்றர். 1943 ஒக்டோபரில் இரு பக்கத் தண்டவாளங்களும் இணைந்தன. வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேல். அவர்களில் இறந்தோர் 12,000க்கு மேல். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் என ஆசியத் தொழிலாளரில் இறந்தோரை 90,000 அளவில் மதிப்பிடுகிறார்கள்.

இவற்றை முதற்பந்தியில் கொட்டாதீர்கள். ஆனால் இறந்தோரின் இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்ளுங்கள். ஒன்று பெயர் பெயராக எண்ணிக் கூட்டியது, மற்றது மதிப்பீடு. கைதிகளிடையே அதிகாரிகளும் வைத்தியர்களும் இருந்தார்கள். இறந்தவரின் பெயரையும் திகதியையும் தாளில் எழுதி ஒளித்து வைத்தார்கள். தொழிலாளரின் கொட்டில்களில் அப்படி எழுதி வைக்க ஆளில்லை. உங்கள் கதை தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

கணக்குப் பார்க்காமல் ஆளை ஏற்றுவது

“இருண்ட பெட்டிக்குள் மக்கள் ஆடுமாடுகளைப் போல அடைக்கப்பட்டனர்.” இந்த வாக்கியம் இல்லாத பிரதி அரிது. எத்தனை தடவை வெட்டினாலும் அடுத்த பிரதியில் திரும்ப வருகிறது. இன்றுவரை எங்களுக்குக் கோபம் வருவது இதைப் பார்த்துத்தான். ஆட்களை ஏற்றியவன் அவர்களை ஆடுமாடாகத்தான் பார்த்தான். எழுதுபவரும் அதே கண்ணால் பார்த்தால் பெட்டிக்குள் மனிதர் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

வெண்கட்டியை எடுத்து முற்றத்தில் 18 அடி நீளம், 8 அடி அகலத்தில் ஒரு கட்டம் கீறுங்கள். அரிசி ஏற்றும் இரும்புப் பெட்டி கிட்டத்தட்ட அவ்வளவுதான். மொத்தம் 144 சதுர அடி. அதற்குள் 30 பேர். ஆளுக்கு ஐந்து சதுர அடிகூட வராது. முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தலாம். காலை நீட்டிப் படுக்க ஒருவருக்கு 9 சதுர அடி வேண்டும். மற்றவர்கள் ஒருவருமே இல்லாவிட்டாலும் ஒரே நேரத்தில் 16 பேருக்கு மேல் படுக்க முடியாது. ஆட்களும் மூட்டைகளும் குந்தியிருக்கும் நேரத்தில் ஐந்தாறு பேர் படுத்தாலே பெரிது. அப்படியானால் முறை வைக்க வேண்டும். முறையைச் சொன்னது யார்? பிள்ளைத்தாச்சிக்கு முறை உண்டா? கதவோரத்தில் காற்று வரும் இடத்தை யார் பிடித்தார்கள், பிறகு யாருக்கு விட்டுக்கொடுத்தார்கள்?

அடுத்தது தண்ணீர். பகலில் இரும்புக் கூரை கொதிக்கும். இரவில் அதே இரும்பு குளிரும். அந்தச் சூட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லீற்றராவது வேண்டும். 30 பேருக்கு 90 லீற்றர். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று 18 லீற்றர் கொள்ளும். ஐந்து தகரம் வேண்டிய இடத்தில் ஒன்றுதான் ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 600 மில்லிலீற்றர். சிறிய சிரட்டையால் அளந்தால் நான்கு சிரட்டை, அதுவும் ஒரு முழு நாளைக்கு. சிங்கப்பூரிலிருந்து சயாமின் பாம்போங் வரை நாலைந்து நாள் ஓட்டம். சிரட்டை யார் கையில் இருந்தது?

அண்மையில் வந்த ஒரு பிரதியில் மூன்றாம் நாள் ஒரு கிழவர் இறக்கிறார். அவர் எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று கேட்டோம். எழுதிய பிள்ளையிடம் பதில் இல்லை. உட்கார்ந்து கணக்குப் பார்த்தாள். பாலூட்டும் ஒரு தாய்க்கு முதல் நாளே தண்ணீர் போதாமல் போயிருக்கும். அவளுக்கு இரண்டாம் நாள் காலையிலிருந்து யாரோ தன் பங்கில் இரண்டு சிரட்டை கொடுத்தால்தான் கைக்குழந்தை பிழைக்கும். அந்தப் பங்கு கிழவருடையது. அதுவரை அனுதாபத்துக்காகச் செத்துக்கொண்டிருந்த கிழவர், தன் உயிர் எவ்வளவு, குழந்தையின் உயிர் எவ்வளவு என்று தானே நிறுத்துப் பார்த்தவர் ஆனார். “உயிர் விலைமதிப்பற்றது” என்று அவர் பேசிய வசனத்தை அவளே வெட்டிவிட்டாள்.

கணக்கு உங்கள் கொப்பியில் இருக்கட்டும். கதைக்குள் லீற்றரும் சதுர அடியும் வரக்கூடாது; சிரட்டையை நீட்டும் கை வந்தால் போதும்.

காலராவை ஒரு வரியில் முடிப்பது

1943 நடுப்பகுதியின் மழையோடு காலரா முகாம்களில் பரவியது. உடலின் நீர் லீற்றர் கணக்கில் வெளியேறும். கண் குழி விழும், விரல் தோல் சுருங்கும், கெண்டைக்கால் இழுக்கும், குரல் கம்மும். ஆனால் பலருக்குப் புத்தி கடைசிவரை தெளிவாக இருக்கும். “மயங்கி விழுந்து இறந்தான்” என்று எழுதித் தப்பமுடியாது. கைதிகளின் வைத்தியர்கள் உப்பு நீர் காய்ச்சி, கிடைத்த குழாய்களைக் கொண்டு நரம்பில் ஏற்றினார்கள். தொழிலாளரிடம் அதுவும் இல்லை. மழையில் நனையாத விறகு, தண்ணீரைக் கொதிக்கவைக்கத் தெம்புள்ள ஒருவர்: பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் இதில் தங்கியிருந்தது. விறகு பொறுக்கப் போனவரை எழுதுங்கள்.

பென்சில் பிடித்தவரை மறப்பது

துப்பாக்கி பிடித்தவன் எல்லாக் கதையிலும் வருகிறான். பட்டியல் எழுதியவர் வருவதில்லை. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டொலர்) என்ற வாக்குறுதியோடுதான் ஆள்சேர்ப்புத் தொடங்கியது. வாக்குறுதியில் ஆள் சேராதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். தோட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது கணக்கெழுதும் கிராணிக்கும் வேலையை மேய்க்கும் கங்காணிக்கும் தெரியும். மலாயாக் கிராணிகளில் மலையாளிகளும் இருந்தார்கள், எங்கள் யாழ்ப்பாணத்தாரும் இருந்தார்கள். ஒரு பெயரை எழுதுவது, இன்னொன்றை விடுவது, தன் மைத்துனரின் பெயருக்குப் பதிலாக வேறொருவரைப் போடுவது என்று அந்தப் பக்கத்தில் ஒரு முழுக்கதை கிடக்கிறது. எழுதச் சங்கடமாகத்தான் இருக்கும். அதற்காக விட்டுவிடாதீர்கள்.

எங்கள் பேச்சை அவர்கள் வாயில் வைப்பது

தோட்டத்தில் இறப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து போனவர்கள். அவர்கள் எங்களைப் போல “போட்டு வாறன்” (போய்விட்டு வருகிறேன்) என்று சொல்லமாட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கிராணி சொல்லலாம்.

இடப்பெயர்வும் நாடுகடத்தலும் ஒன்றென நினைப்பது

2006 இல் போருக்குத் தப்பி சம்பூரிலிருந்து வாகரைப் பக்கம் நடந்தவர்களின் அனுபவம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதை அப்படியே மலாயாவுக்குக் கொண்டுபோகிறார்கள். ஷெல்லுக்கு ஓடுகிறவருக்கு எதை எடுப்பது, எந்தப் பாதை, எங்கே இளைப்பாறுவது என்று சின்னச் சின்ன முடிவாவது கையில் இருக்கும். நாடுகடத்தலில் அந்த முடிவுகள் வேறொருவரின் பட்டியலில் இருக்கின்றன. எதை எடுத்தார்கள் என்று எழுதுவதைவிட எதை இறக்கிவைக்கச் சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

ஊரை வலிந்து நுழைப்பது

திருகோணமலையில் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் நடத்திய குண்டுவீச்சும் சீனக்குடா எண்ணெய்க் குதங்களும் வேறு கதை.

பிள்ளையைக் கொன்று கதையை முடிப்பது

வேண்டாம்.

“ஒரு கிழவி” என்று எழுதுவது

நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்துக்கு ஒரு காலைநேரம் போய்வாருங்கள். கற்களில் படை இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த திகதி, தெரிந்தால் வயது. சிலவற்றில் வீட்டார் தெரிந்தெடுத்த ஒரு வரியும் இருக்கும். பாதையோரம் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளுக்கும் இப்படி ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உண்டு. பக்கத்தில் வேலை செய்த தமிழருக்கு அப்படிப் பெயர் பெயராகக் கல் நடப்படவில்லை.

கதையில் ஒரே ஒரு வரியில் வந்துபோகிறவருக்கும் அதே அளவு விவரத்தைக் கொப்பியில் எழுதுங்கள்: பெயர், வயது, எந்தத் தோட்டம், யாருடைய தாய், எந்த முகாமில் இறந்தார், அப்போது பக்கத்தில் யார். பிறகு பிரதியில் “ஒரு கிழவி” என்று வரும் இடத்துக்குத் திரும்பிப் போய், அதை வெட்டி அவளுடைய பெயரை எழுதுங்கள்.