வெள்ளியா, குளிர் இரும்பா, அடமன்டைனா: எதை எதால் வெட்டுவது?

ஆளுக்கொரு பாத்திரமாகி, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டில் ஆயுதப் பட்டியலைத் திறந்ததும் புதிதாக ஆட வருகிறவர்கள் நேரே அடமன்டைன் என்கிற கற்பனை உலோகத்துக்குத்தான் போவார்கள். விலை அதிகம், அப்படியென்றால் அதுதான் சிறந்தது என்று நினைப்பு. சேலத்தில் எங்கள் வீட்டு மேஜையில் உட்காருகிற ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்பது, நீங்கள் யாரை எதிர்த்துப் போகப் போகிறீர்கள் என்றுதான். எதிரில் நிற்பது எது என்று தெரியாமல் உலோகத்துக்கு மதிப்புப் போட முடியாது. நாங்கள் ஆடுவது 2009-ல் வந்த பாத்ஃபைண்டர் முதல் பதிப்பு, கீழே வரும் விலையும் எண்ணும் அதில் உள்ளவை, வேறு பதிப்பு ஆடுபவர்கள் உங்கள் விதிப்புத்தகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே டேமேஜ் ரிடக்ஷனில்தான், அதாவது எதிரி தன்மேல் விழும் அடியைக் குறைத்துக்கொள்ளும் தடுப்பில்தான் இருக்கிறது. ஓநாய் மனிதனுக்கு 10/வெள்ளி என்று போட்டிருந்தால், வெள்ளி அல்லாத ஆயுதத்தால் விழும் ஒவ்வொரு அடியிலும் 10 கழிந்துவிடும். எட்டுமுக டைஸை உருட்டி 4 கூட்டிக்கொள்ளும் வாள்வீரனை எடுத்துக்கொள்ளுங்கள்: டைஸில் 7 விழுந்தால் 1 புள்ளி, 8 விழுந்தால் 2, மற்றபடி அவன் எத்தனை முறை வெட்டினாலும் ஓநாய்க்கு உறைக்காது. அதே வாள் வெள்ளி ஏற்றியதாக இருந்தால் அடி ஒன்று மட்டும் குறைந்து மிச்சம் முழுசாக இறங்கும், சராசரி ஏழரை. முழுத் தோல்விக்கும் வெற்றிக்கும் நடுவே இருப்பது வெறும் 90 பொன்காசு. சாதாரண நீளவாள் 15, வெள்ளி ஏற்றினால் 105. குத்துவாளுக்கு இன்னும் குறைவு, 20 கூட்டினால் போதும்.

அந்த ஒன்று ஏன் குறைகிறது என்று எங்கள் மேஜையில் யாரும் கேட்டதில்லை, காரணம் இந்த ஊர். செவ்வாய்ப்பேட்டை பக்கம் கொலுசுப் பட்டறையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சுத்த வெள்ளி எவ்வளவு மெத்தென்று இருக்கும், செம்பு சேர்க்காமல் உறுதி வராது என்பது தெரியும். வெட்டும், குத்தும் ஆயுதங்களுக்குத்தான் இந்தக் குறைவு, கதாயுதம் மாதிரி மொத்துகிறதற்குக் கிடையாது. அதனால் ஓநாய் வேட்டைக்குப் போகும் பூசாரி பாத்திரங்களுக்கு நான் எப்போதும் வெள்ளிக் கதாயுதத்தைத்தான் சொல்வேன். பல நரகப் பிசாசுகளுக்கும் வெள்ளி வேலை செய்யும்.

அடுத்து கோல்ட் அயர்ன். தமிழில் எழுதும்போது இது ஒரு தொல்லை, தங்கமா குளிரா என்று எழுத்தில் தெரியாது, ஒருவர் தன் தாளில் தங்க இரும்பு என்றே எழுதி வைத்திருந்தார். அதனால் நாங்கள் குளிர் இரும்பு என்றுதான் சொல்கிறோம். வனதேவதைகளுக்கும், டீமன்கள் என்கிற வேறு வகைப் பேய்களுக்கும் இதுதான். மூடுபனி இறங்கிய ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கதையை வைத்தால் வனதேவதைகள் வராமல் இருக்க மாட்டார்கள், அதனால் சேர்வராயன் மலைப் பக்கம் நடக்கும் கதைகளுக்கு எங்கள் ஆட்டக்காரர்கள் கேட்காமலே வாங்கிவிடுவார்கள். விலை சாதாரண ஆயுதத்தைப் போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். நீளவாள் 30 காசு, இருபது அம்பு 2 காசு. பிறகு மந்திரம் ஏற்ற நினைத்தால்தான் 2,000 காசு கூடுதலாகக் கேட்கும், ஆகவே முக்கிய வாளைக் குளிர் இரும்பில் செய்யாதீர்கள், இடுப்பில் இரண்டாவதாகத் தொங்கட்டும்.

இங்கே ஒரு வாதம் வரும். கஞ்சமலை இரும்பில் செய்த வாள் குளிர் இரும்பாகாதா? எனக்கும் ஆசைதான், ஆனால் ஆகாது என்றுதான் தீர்ப்புச் சொன்னேன். விதிப்படி அது நிலத்தின் ஆழத்தில் தோண்டி எடுத்து, அதன் குணம் கெடாமல் இருக்கக் குறைந்த சூட்டில் அடித்துச் செய்வது. நம் பக்கத்துப் பழைய உருக்கு நேர் எதிர்: இரும்பை ஆவாரங்கட்டையோடு மண்மூசையில் அடைத்து, வாயை மண்ணால் மூடி, கடும் சூட்டில் உருக்கி எடுத்தது. அது அருமையான எஃகு, மாஸ்டர்வர்க், அதாவது உயர்தர வேலைப்பாடு என்று தாராளமாகக் கொடுக்கலாம், வனதேவதை மட்டும் பயப்படாது.

அடமன்டைன் கெட்டது என்று சொல்லவில்லை. ஒரு ஆயுதத்துக்கு 3,000 காசு கூடும், மூன்றாம் லெவல் பாத்திரத்தின் மொத்தச் சொத்தே கிட்டத்தட்ட அவ்வளவுதான். கல் கோலெம், இரும்பு கோலெம் மாதிரி மந்திரத்தால் நடமாடும் சிலைகள் வருகிற கதை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். பொருட்களை உடைக்கும்போது 20-க்குக் குறைந்த கடின எண்ணை அது கண்டுகொள்வதே இல்லை, மரத்துக்கு 5, கல்லுக்கு 8, இரும்புக்கு 10 என்பதால் பூட்டிய கதவும் சிறைக்கம்பியும் அதன் முன் நிற்காது. ஐந்தாம் லெவலுக்குப் பிறகு, சுரங்கமோ கோட்டையோ வரும் என்று கதையை நடத்தும் கேம் மாஸ்டர் கோடி காட்டினால் எடுங்கள்.

மித்ரல் என்கிற இன்னொரு கற்பனை உலோகத்தை ஆயுதத்துக்கு நான் அதிகம் சிபாரிசு செய்வதில்லை. வெள்ளிக்குச் சமமாக எண்ணப்படும், அந்த ஒரு புள்ளிக் குறைவும் இல்லை, ஆனால் பவுண்டுக்கு 500 காசு. குத்துவாள் என்றால் சரி, பெரிய வாளுக்கு வேண்டாம், அந்தப் பணத்தைக் கவசத்தில் போடுங்கள்.

எலும்புக்கூட்டுக்கு எந்த உலோகமும் தேவையில்லை, அதன் 5 புள்ளித் தடுப்பு மொத்தினாலே போய்விடும். தடி இலவசம், ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், என்ன வரும் என்றே தெரியாத நிலையில் வெப்பன் பிளாஞ்ச் என்கிற ரசவாதப் பொடியை வாங்குங்கள். ஆயுதத்தின்மேல் தூவி ஒரு முழுச் சுற்று நெருப்பில் காட்டினால் அடுத்து விழும் ஒரு அடிக்கு அந்த உலோகத்தின் குணம் வந்துவிடும். வெள்ளி 5 காசு, குளிர் இரும்பு 20, அடமன்டைன் 100. ஒரு பொட்டலம் பத்து அம்புக்குக் காணும் என்பதால் வில்லாளிக்கு இதைவிட லாபம் வேறில்லை, வெள்ளி அம்பு தனியாக வாங்கினால் ஒன்றுக்கே 2 காசு கூடும். சண்டை தொடங்கின பிறகு நெருப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது, அதனால் முதல்நாள் இரவு முகாம் போடும்போதே காய்ச்சி, எந்த அம்பு எது என்று தாளில் எழுதிவிடுங்கள்.