எம்.ஐ.டி. முதலாண்டு விடுதி: விருப்பப் பட்டியல் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.ஐ.டி. என்றவுடன் குரோம்பேட்டையை நினைப்பவர்கள் நம்மில் பலர் உண்டு. இங்கே பேசப்போவது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில், சார்ல்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் எம்.ஐ.டி.யைப் பற்றி. அங்கே இளநிலைப் படிப்பில் இடம் கிடைத்த மாணவர்கள், சேருவதற்கு முந்தைய கோடையில், எந்த விடுதியில் தங்க விரும்புகிறார்கள் என்பதை வரிசைப்படுத்தி எழுதித் தர வேண்டும். சேர்க்கைக்காக இரண்டு ஆண்டுகள் உழைத்த குடும்பங்கள்கூட இந்தப் பட்டியலை அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிடுகின்றன.

இது அவ்வளவு எளிதாகக் கடந்துபோகக் கூடிய முடிவு அல்ல. 1997-இல் ஒரு முதலாண்டு மாணவர், ஃபிரட்டர்னிட்டி எனப்படும் ஆண் மாணவர் சங்கம் ஒன்றின் இல்லத்தில் அளவுக்கு மீறி மது அருந்தி இறந்துபோனார். அதன் பிறகு வந்த மாற்றங்களின் விளைவாக, 2002 முதல் முதலாண்டு மாணவர்கள் அனைவரும் வளாக விடுதிகளில்தான் தங்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. மேலும், ஒரு விடுதியில் சேர்ந்தவர்களில் பலர் நான்கு ஆண்டுகளும் அதே விடுதியிலேயே இருந்துவிடுகிறார்கள். ஆகவே பதினெட்டு வயதில் எழுதும் இந்த வரிசை, பெரும்பாலும் பட்டம் வாங்கும் நாள் வரை உடன் வருகிறது.

பலரும் செய்யும் முதல் தவறு, "எந்த விடுதி நல்ல விடுதி?" என்று கேட்பது. கல்லூரிகளைத் தரவரிசையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு விடுதிகளும் தரவரிசையாகவே தெரிகின்றன. அதில் கட்டடத்தின் புகழும் சேர்ந்துகொள்கிறது. பேக்கர் ஹவுஸ், ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்டோ வடிவமைத்து 1949-இல் திறக்கப்பட்டது. ஆறு கண்ணில் படும் அறைகள் கூடுதலாக அமைய வேண்டும் என்பதற்காக அந்தக் கட்டடமே அலைபோல் வளைந்து செல்கிறது. ஸ்டீவன் ஹால் வடிவமைத்த சிம்மன்ஸ் ஹால் 2002-இல் வந்தது. ஏறக்குறைய 5,500 சிறு சதுர ஜன்னல்களுடன் தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய ஸ்பாஞ்சு போல இருக்கும். கட்டடக் கலை படிப்பவர்கள் கடல் கடந்து வந்து பார்க்கும் கட்டடங்கள் இவை. ஆனால் பார்வையாளருக்கு அழகாக இருப்பதும், அங்கே பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவைக் கழிப்பதும் ஒன்றல்ல.

என் அக்கா மகள் தன் பட்டியலைக் காட்ட வீடியோ அழைப்பில் வந்தபோது, நோட்டுத் தாளில் பதினொரு பெயர்களை வரிசையாக எழுதி, பக்கத்தில் நட்சத்திரங்கள் போட்டு வைத்திருந்தாள். படங்களைப் பார்த்துப் போட்ட நட்சத்திரங்கள் அவை. "ராத்திரி பதினோரு மணிக்குப் பசித்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "அதை யோசிக்கவில்லை, சித்தி" என்றாள். அந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்கி அன்று மாலை முழுவதும் பேசினோம். முடிவில் அவள் பட்டியலின் முதல் மூன்று இடங்களும் மாறிவிட்டன.

ஏனென்றால், எம்.ஐ.டி. விடுதிகளுக்குள் இருக்கும் மிகப் பெரிய வேறுபாடு சாப்பாட்டில்தான் இருக்கிறது. பேக்கர், மசீ, மெக்கார்மிக், நெக்ஸ்ட் ஹவுஸ், சிம்மன்ஸ், நியூ வாஸர் ஆகிய விடுதிகளில் உணவுக்கூடம் உண்டு. அங்கே தங்குபவர்கள் உணவுத் திட்டத்துக்கும் கட்டாயமாகப் பணம் கட்ட வேண்டும். ஈஸ்ட் கேம்பஸ், ரேண்டம் ஹால், பர்ட்டன் கானர், மெக்ரெகர், நியூ ஹவுஸ் ஆகியவை மாணவர்கள் தாங்களே சமைத்துக்கொள்ளும் விடுதிகள். அங்கே உணவுத் திட்டம் விருப்பத்தைப் பொறுத்தது. அறை வாடகையை மட்டும் ஒப்பிட்டு "இது மலிவு, அது விலை" என்று முடிவு செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். வாடகையும் உணவுத் திட்டமும் மளிகைச் செலவும் சேர்ந்த தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். வாடகையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. விடுதிக்கும் அறை வகைக்கும் ஏற்ப அது மாறும்.

நம் வீட்டுப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இதில் இரு பக்கமும் தவறு நடக்கிறது. சைவம் சாப்பிடும் பிள்ளை என்றால், பெற்றோர் யோசிக்காமல் சமையலறை உள்ள விடுதியையே முதலில் எழுதச் சொல்கிறார்கள். ஆனால் இதுவரை அடுப்பைப் பற்றவைத்தே பழகாத பிள்ளை, புதிய நாட்டில், வாரத்துக்கு நான்கு பாடங்களின் பி-செட் எனப்படும் கணக்குத் தொகுப்புகளுக்கு நடுவே, தனக்காக நாள்தோறும் சமைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. ஒரு மாதம் ஆர்வமாகச் சமைத்துவிட்டு, பிறகு ரொட்டியும் நூடுல்ஸுமாகக் காலம் தள்ளும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உணவுக்கூடங்களில் சைவ உணவு கிடைக்கும். ஆனால் அது நம் ஊர்ச் சமையல் அல்ல, அதே சுவை திரும்பத் திரும்ப வரும். இந்த இரண்டு சிரமங்களில் எதைத் தன்னால் தாங்க முடியும் என்பதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

மறுபக்கத்தில், "சமைப்பதெல்லாம் நேர விரயம்" என்று சமையலறை விடுதிகளை மொத்தமாக ஒதுக்குவதும் தவறுதான். அங்கே சமையலறை என்பது சமைக்கும் இடம் மட்டுமல்ல. அக்கா மகளுக்குக் கிடைத்தது பர்ட்டன் கானர். அங்கே சில அறைகள் சேர்ந்த ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சமையலறை உண்டு. முதல் மாதத்தில் அவள் அனுப்பிய படத்தில் இருந்தது அறை அல்ல, ஃபிரிட்ஜின் உட்புறம்: பெயர் எழுதி ஒட்டிய தயிர் டப்பா, அதன் பக்கத்தில் யாருடையதோ கிம்சி ஜாடி, கதவில் பாதி வெட்டிய எலுமிச்சை, ஃபிரீசரில் ஜிப் பையில் உறைந்த கறிவேப்பிலை. ரசம் கொதிக்கும் வாசனைக்கு வந்து நின்ற பெண்தான் பிறகு அவளுடைய இயற்பியல் பி-செட் துணையானாள். வாரந்தோறும் தரப்படும் அந்தக் கணக்குத் தொகுப்பைப் பெரும்பாலான பாடங்களில் சேர்ந்து யோசிக்கலாம், எழுதுவது மட்டும் தனியாக இருக்க வேண்டும் என்பதுதான் நடைமுறை. எனவே, நள்ளிரவில் யார் அருகே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் படிப்பின் பகுதியே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறைக்குள் சமைக்க அனுமதி கிடையாது. ஊரிலிருந்து ரைஸ் குக்கரைச் சுமந்து செல்பவர்கள் அதைச் சமையலறையில்தான் பயன்படுத்த முடியும்.

அடுத்த தவறு, விடுதியின் பெயரோடு ஒப்பீட்டை நிறுத்திவிடுவது. இதை நான் பெரிய தவறாகவே கருதுகிறேன். பல பல்கலைக்கழகங்களில் விடுதி என்றால் ஒரே தன்மை உடைய ஒரு கட்டடம். எம்.ஐ.டி.யில் அப்படி இல்லை. ஒரே விடுதிக்குள் தளத்துக்குத் தளம் வாழ்க்கை வேறுபடும். பர்ட்டன் கானரில் ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் குணம் உண்டு. மெக்ரெகரில் என்ட்ரி எனப்படும் பிரிவுகள், ஈஸ்ட் கேம்பஸில் ஹால் எனப்படும் தளப் பிரிவுகள் அதே போன்றவை. நியூ ஹவுஸுக்குள் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய மொழி இல்லங்களும், கறுப்பின ஆண் மாணவர்களின் வாழ்வை மையமாகக் கொண்ட சாக்லேட் சிட்டியும் தனித்தனியாக இயங்குகின்றன. விடுதி ஒதுக்கப்பட்ட பிறகு, அதற்குள் எந்தத் தளம், எந்த அறை என்பதை ஏற்பாடு செய்வதில் அந்த விடுதியின் மாணவப் பொறுப்பாளர்களுக்கே பெரும் பங்கு உண்டு. ஆகவே "அந்த விடுதியில் ஒரே சத்தம்" என்று ஒருவர் சொன்னால், எந்தத் தளம் என்று திருப்பிக் கேளுங்கள். அவர் அங்கே தங்கியவரா, ஒரு முறை விருந்துக்குப் போனவரா என்பதையும் கேளுங்கள்.

எந்த ஆண்டில் தங்கினார் என்பதையும் கேட்க வேண்டும், ஏனெனில் பழைய தகவலை நம்பி ஏமாறுவது மிகவும் எளிது. பெக்ஸ்லி ஹால் 2013-இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. சீனியர் ஹவுஸ் 2017-இல் இளநிலை மாணவர் விடுதியாக இருப்பது நின்றது. பர்ட்டன் கானர் புதுப்பிப்புக்காக மூடப்பட்டு 2022-இல் மீண்டும் திறந்தது. நியூ வாஸர் 2021-இல் புதிதாக வந்தது. ஈஸ்ட் கேம்பஸின் பழைய கட்டடங்கள் 2023-இல் புதுப்பிப்புக்காகத் தற்காலிகமாக மூடப்பட்டன. அதற்கு முன்பு மாணவர்கள் வரைந்த சுவர் ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற விடுதி அது. பத்து ஆண்டுகளுக்கு முன் படித்த பெரியப்பா மகன் அன்போடு சொல்லும் அறிவுரை உண்மையாக இருக்கலாம், ஆனால் அது இப்போது இல்லாத ஒரு வளாகத்தைப் பற்றியதாக இருக்கக்கூடும். ஒவ்வொரு விடுதியின் மாணவர்களும் புதியவர்களுக்காகவே வீடியோ தயாரிக்கிறார்கள். அந்தந்த ஆண்டின் வீடியோவைப் பார்ப்பது நல்லது. கட்டடத்தைப் பார்ப்பதைவிட, அதில் பேசுகிறவர்கள் எதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள் என்று கவனிப்பது கூடுதல் பயன் தரும்.

தனி அறை பற்றிய ஆசையைக் குறித்தும் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவர்கள் தனி அறையை ஒரு தகுதியைப் போலத் தேடுகிறார்கள். மெக்ரெகரில் பெரும்பாலானவை ஒருவர் தங்கும் அறைகள் என்பதற்காகவே அதை முதலில் எழுதுபவர்கள் உண்டு. அது நல்ல காரணமாகவும் இருக்கலாம்; தூக்கம் லேசானவர்களுக்கும், தனிமையில்தான் மனம் ஒன்றும் என்பவர்களுக்கும் அது பெரிய வரம். ஆனால் வேறொரு பல்கலைக்கழகத்தில் படித்த என் அண்ணன் மகன், கூச்ச சுபாவத்தால் தனி அறை மட்டுமே வேண்டும் என்று கேட்டு வாங்கி, முதல் பருவம் முழுவதும் யாரிடமும் பேசாமல் கழித்தான். கூச்சம் உள்ளவர்களுக்கு, தானாக ஓர் அறிமுகத்தை ஏற்படுத்தித் தருவதே அறைத் தோழன்தான்.

அறைத் தோழர் தேர்வுக்கான கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் எழுதுங்கள். பத்து மணிக்குத் தூங்கிவிடுவேன், அறையைத் துப்புரவாக வைத்திருப்பேன் என்று எழுதுபவர்களில் பலர், தாங்கள் ஆக விரும்பும் ஆளைப் பற்றி எழுதுகிறார்கள். சில சமயம் அம்மா எழுதுகிறார். விளைவு, இரவு இரண்டு மணிக்குத் தூங்கும் இவரும் உண்மையாகவே பத்து மணிக்குத் தூங்கும் இன்னொருவரும் ஒரே அறையில் அகப்பட்டுக்கொள்வது. பூனை ஒவ்வாமை இருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. எம்.ஐ.டி.யின் சில விடுதிகளில், சில பகுதிகளில், மாணவர்கள் பூனை வளர்க்க அனுமதி உண்டு.

தூரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, ஆனால் முற்றிலும் மறக்கவும் கூடாது. மசீ ஹாலிலிருந்து மாசசூசெட்ஸ் அவென்யூவைக் கடந்தால் முதன்மை வாயில். மேற்குக் கோடியில் உள்ள நெக்ஸ்ட் ஹவுஸிலிருந்து அதே வாயிலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடை. செப்டம்பரில் அது இனிய நடை. ஜனவரியில், உறைந்த ஆற்றின் மேலிருந்து காற்று வீசும் காலையில், அதே தூரம் வேறு மாதிரி இருக்கும். சைக்கிளோ நல்ல குளிர்கோட்டோ இருந்தால் சமாளிக்கலாம். பிடித்த விடுதியைத் தூரத்துக்காக மட்டும் பட்டியலின் கடைசிக்குத் தள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மெக்கார்மிக் ஹால் பெண்களுக்கான விடுதி. 1904-இல் எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற கேத்தரின் டெக்ஸ்டர் மெக்கார்மிக் அளித்த நன்கொடையால் 1963-இல் திறக்கப்பட்டது. பெண்கள் தங்க இடமில்லாமல் இருந்ததே அங்கு அவர்களின் எண்ணிக்கை உயர ஒரு தடையாக இருந்தது என்பதை உணர்ந்து, அதை மாற்றவே அவர் பணம் கொடுத்தார். அத்தகைய வரலாறு உடைய விடுதியை, பெண்ணை அடக்கி வைக்கும் இடமாகப் பாவித்துக் கட்டாயப்படுத்துவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அதேபோல், பெண்கள் விடுதி என்ற ஒரே காரணத்துக்காக அதை முகம் சுளித்து ஒதுக்கும் பெண்களும் ஒரு முறை அங்கே படிப்பவர்களிடம் பேசிப் பார்க்கலாம். எப்படியானாலும் அங்கே வாழப்போகிறவரே அந்த வரிசையை எழுதட்டும்.

கடைசியாக, ஜூலையிலோ ஆகஸ்டிலோ வரும் ஒதுக்கீட்டு மின்னஞ்சலை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு அழுவது. ஆகஸ்டு இறுதியில் மாணவர்கள் வந்து சேர்ந்ததும், விடுதிகள் தங்கள் கதவுகளைத் திறந்து புதியவர்களை வரவேற்கும் ரெக்ஸ் நாட்கள் தொடங்குகின்றன. அதையொட்டி, ஒதுக்கப்பட்ட விடுதியை மாற்றிக்கொள்ள விரும்புபவர்கள் மீண்டும் விருப்பம் தெரிவிக்க ஒரு வாய்ப்பு உண்டு; அதற்கு ஃபயர் என்று பெயர். நெருப்பு அல்ல, முதலாண்டு விடுதிப் பரிமாற்றம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். கிடைத்த விடுதி பிடித்திருந்தாலும்கூட அந்த நாட்களில் குறைந்தது மூன்று விடுதிகளுக்காவது சென்று, சமையலறையில் நின்று, அங்கே இருப்பவர்களோடு ஒரு தேநீர் நேரமாவது பேசிவிட்டு வர வேண்டும். கேட்ட மாற்றம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை; இடம் இருந்தால்தான் கிடைக்கும். ஆனால் கேட்காதவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஆகவே பரிமாற்ற முடிவு வரும் வரை பெரிய பெட்டியைப் பிரிக்காமல், இரண்டு நாளுக்கு வேண்டிய துணியையும் படுக்கை விரிப்பையும் கைப்பெட்டியில் தனியாக எடுத்துச் செல்லுங்கள்.