கல்லீரல் கொழுப்பு நோய்: உணவையும் உடற்பயிற்சியையும் அமைத்துக்கொள்ளும் முறை

கல்லீரலில் கொழுப்பின் அளவு 5 சதவீதத்தைத் தாண்டும்போது அதைக் கல்லீரல் கொழுப்பு நோய் என்கிறோம். ஃபேட்டி லிவர் என்றே பலரும் அறிந்திருக்கும் இந்நோயின் தொடக்க நிலைகளில் உணவும் உடலுழைப்புமே முதன்மையான சிகிச்சை. அதனால்தான் ‘உணவைக் குறையுங்கள், நடங்கள்’ என்ற ஒற்றை வரி அறிவுரையோடு நோயாளியை அனுப்பிவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. எதை, எவ்வளவு, எந்த வேகத்தில் என்று தெரிந்தால்தான் அந்த அறிவுரையைப் பின்பற்ற முடியும்.

முதலில் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். கல்லீரல் நொதிகளின் அளவு இயல்பாக இருப்பதால் மட்டும் பாதிப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. வயது, இரண்டு கல்லீரல் நொதிகள், தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படும் ஃபிப்-4 மதிப்பும், தேவைப்பட்டால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் பரிசோதனையும் கல்லீரலில் தழும்பு உண்டாகியிருக்கிறதா என்பதைக் கணிக்க உதவும்.

அடுத்தது எடை. உடல் எடையில் 3 முதல் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு குறையத் தொடங்குகிறது. 7 முதல் 10 சதவீதம் குறையும்போது அழற்சியும் தணிகிறது. 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் பலருக்குத் தழும்புகூடக் குறைகிறது. 80 கிலோ எடையுள்ள ஒருவர் 4 கிலோ குறைத்தாலே முதல் பலனை எதிர்பார்க்கலாம். 8 கிலோ என்பது அவருடைய நீண்டகால இலக்கு. வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவது போதுமானது. பட்டினி கிடந்து மிக வேகமாக எடையைக் குறைத்தால் தசை கரையும், பித்தப்பையில் கற்கள் உருவாகும் வாய்ப்பு கூடும், கல்லீரல் அழற்சி மோசமடையவும் கூடும். மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்கும் இந்நோய் வருகிறது. அவர்களுக்கு 3 முதல் 5 சதவீத எடைக் குறைப்பே பெரும்பாலும் பயன் தருகிறது.

உணவில் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் இன்று செய்ய முடியும் என்றால், சர்க்கரை கலந்த பானங்களை நிறுத்துங்கள். சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அதன் பெரும்பகுதியைக் கல்லீரலே கையாள வேண்டியிருப்பதால், மிகுதியாக உட்கொள்ளும்போது அது அங்கேயே கொழுப்பாக மாற்றப்படுகிறது. 330 மில்லி குளிர்பானம் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதாவது, ஏறக்குறைய ஒன்பது தேக்கரண்டி. பழச்சாற்றையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். முழுப் பழத்தில் நார்ச்சத்து இருப்பதாலும், அதை மென்று உண்ண நேரம் ஆவதாலும், அளவோடு உண்பதில் தவறில்லை.

கொழுப்பு நோய் என்ற பெயரைக் கேட்டதும் எண்ணெயை அடியோடு விலக்கிவிட்டு, தீட்டிய தானியங்களையும் இனிப்பையும் வழக்கம்போலத் தொடர்பவர்கள் நிறையப் பேர். அந்த மாவுச்சத்தின் மிகுதியும் கல்லீரலில் கொழுப்பாகவே முடிகிறது என்பதை அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, மீன், முட்டை போன்ற புரத உணவு, மீதிக் கால் பங்கு முழுத்தானியம் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு எளிது. வெண்ணெய், கொழுப்பு மிகுந்த இறைச்சி ஆகியவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து, ஆலிவ் எண்ணெய், கொட்டைகள், மீன் ஆகியவற்றிலுள்ள கொழுப்புக்கு அளவோடு மாறலாம். சர்க்கரை சேர்க்காத காபி அருந்துபவர்கள் அதை நிறுத்தத் தேவையில்லை. மது வேண்டாம்.

உடற்பயிற்சியின் சிறப்பு, எடை குறையாவிட்டாலும் அது கல்லீரல் கொழுப்பைக் குறைக்கிறது என்பதுதான். உழைக்கும் தசை குளுக்கோஸைத் தானே எடுத்துக்கொள்கிறது. இன்சுலினும் மேம்பட்டுச் செயல்படுகிறது. ஆகவே, எடைக்கருவியின் முள் நகரவில்லை என்று மனம் தளர்ந்து நிறுத்திவிடாதீர்கள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி போதும். பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். இதுவரை பழக்கமில்லாதவர்கள் நாளுக்கு 10 நிமிட நடையில் தொடங்கி, வாரந்தோறும் 5 நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, சிறு எடைகளைத் தூக்குவது போன்ற தசைப் பயிற்சிகளும் வேண்டும். மூட்டுவலியால் நடக்க இயலாதவர்களுக்கு இவையே பெரிய துணை. பயிற்சியின்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி பெறுங்கள்.

இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்கள், உணவைக் குறைப்பதற்கு முன்பே மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்; இல்லையெனில் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். கல்லீரலைச் சுத்தப்படுத்தும் என்று விற்கப்படும் மூலிகைப் பொடிகளையும் சாறுகளையும் தவிர்த்துவிடுங்கள்; அவற்றுள் சில கல்லீரலையே சேதப்படுத்தியிருக்கின்றன. கல்லீரல் முழுவதும் தழும்பேறிவிட்ட சிரோசிஸ் நிலையை அடைந்தவர்களுக்கு மேற்சொன்ன உணவுக் குறைப்பு அப்படியே பொருந்தாது. அவர்களுக்குப் புரதம் கூடுதலாகத் தேவைப்படும், நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருக்கவும் கூடாது. கண்கள் மஞ்சளாவது, வயிறு வீங்குவது, ரத்த வாந்தி, மனக்குழப்பம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.