எந்த ரிசீவரின் ஒலி உண்மையில் நன்றாக இருக்கிறது?

இரண்டு ஹாம் (அமெச்சூர் ரேடியோ) ரிசீவர்களை அடுத்தடுத்து கேட்டால், சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதுதான் காதுக்கு நல்லதாகப் படும். ஸ்பீக்கரும் பெட்டியும் வேறு சேர்ந்து குழப்பும். அதனால் காதை நம்பாமல் அளந்து பாருங்கள்.

ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, ஒரே இரைச்சல் மூலத்தை இரண்டிலும் மாற்றி மாற்றி இணையுங்கள். அது இல்லையென்றால் ஆன்டெனாவை மாட்டி, யாரும் பேசாத அலைவரிசையின் வெறும் இரைச்சலே போதும். இரண்டும் யுஎஸ்பி (மேல் பக்கப்பட்டை; கம்ப்யூட்டர் யுஎஸ்பி அல்ல) முறையில், ஒரே 2.4 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டரில் இருக்கட்டும். இரைச்சல் குறைப்பு, நாட்ச் (ஒரு குறிப்பிட்ட ஒலியை மட்டும் வெட்டும் ஃபில்டர்), டோன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டுக்குக் கொடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் அரை நிமிடமாவது பதிந்து, ஸ்பெக்ட்ரம் வரைபடம் எடுங்கள். 1 கிலோஹெர்ட்ஸில் இரண்டு வரைகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் 300, 2700 ஹெர்ட்ஸ் ஓரங்களில் எது எத்தனை டெசிபெல் சரிகிறது என்று ஒப்பிட வேண்டும்.

இரைச்சலுக்குப் பதிலாக சிக்னல் ஜெனரேட்டரை வைத்து டயலை நகர்த்தி அளப்பவர்கள் ஏஜிசியை (சிக்னலுக்கேற்ப பெருக்கத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) அணைத்தே ஆக வேண்டும். ஃபில்டர் ஓரத்தில் சிக்னல் குறையக் குறைய ஏஜிசி அதைத் தூக்கிப் பிடிக்கும். எந்த மட்டமான ரிசீவரும் தட்டையாகத் தெரியும்! கம்பெனி விளம்பரத்தில்கூட அவ்வளவு அழகான வரைபடம் கிடைக்காது.

அப்புறம், சவுண்ட் கார்டின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே செருகி ஒருமுறை அளந்து வையுங்கள். மலிவான கார்டுகள் சில 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே தாமாகவே சரியும்.