பல்கலைக்கழக வீடியோ தளத்தில் வீடியோ ஏற்றுவதும் பகிர்வதும்: முதல் முறை செய்பவர்களுக்கு

செமஸ்டர் தொடங்கி மூன்றாவது வாரம் ஆனால் போதும், வாட்ஸ்அப்பில் ஜூனியர்களிடமிருந்து ஒரே கேள்வி வர ஆரம்பிக்கும். "அக்கா, வீடியோவ ஏத்திட்டேன், லிங்க்கும் அனுப்பிட்டேன். ஆனா புரொஃபசருக்குத் திறக்கலையாம்."

அமெரிக்காவில் முதுகலை சேர்ந்த முதல் செமஸ்டரில் எனக்கும் இதுதான் நடந்தது. பத்து நிமிட விளக்க வீடியோ, இரவு 11:59 கெடு. 11:40க்கு லிங்க்கை அனுப்பிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டேன். காலையில் பேராசிரியரின் மின்னஞ்சல்: பார்க்க அனுமதி இல்லை என்று வருகிறதாம். வீடியோ முழுசாக ஏறியிருந்தது, ஆனால் என்னைத் தவிர யாராலும் அதைப் பார்க்க முடியாது. ஏற்றுவது ஒரு வேலை, பகிர்வது இன்னொரு வேலை என்பது எனக்கு அப்போது தெரியாது. அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

நான் சொல்லப்போகும் படிகள் கால்ட்டுரா மீடியாஸ்பேஸ் என்ற தளத்துக்கானவை. இலினாய், மினசோட்டா உட்படப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதைத் தங்கள் பெயரிலும் நிறத்திலும் மாற்றி வைத்திருக்கின்றன. பொத்தான்களின் பெயர் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறலாம், வேலை செய்யும் விதம் ஒன்றுதான். பனோப்டோ என்ற இன்னொரு வீடியோ தளம் வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்குப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ரெக்கார்டிங்கை அழுத்துவதற்கு முன்

போனில் எடுப்பதாக இருந்தால் முதலில் கேமரா செட்டிங்கைப் பாருங்கள். ஐபோனில் 4கே, நொடிக்கு 60 ஃபிரேம் என்று இருந்தால் ஒரு நிமிட வீடியோவே ஏறக்குறைய 400 எம்பி. அதே போனில் 1080பி, 30 ஃபிரேம் என்று மாற்றினால் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பிதான். பத்து நிமிடத்துக்குக் கணக்குப் போடுங்கள்: ஒன்று 4 ஜிபி, இன்னொன்று 600 எம்பி. நொடிக்கு 10 மெகாபிட் அப்லோட் வேகம் கிடைக்கிற வைஃபையில் 600 எம்பி எட்டு நிமிடத்தில் ஏறிவிடும், 4 ஜிபிக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டு இணைய விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் டவுன்லோட் வேகம். அப்லோட் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

நீங்கள் பேசுவதும் பின்னால் ஸ்லைடும் தெரிய வேண்டிய வீடியோவுக்கு 1080பி தாராளம். ஏற்கெனவே 4கேயில் எடுத்துவிட்டீர்களா? ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை இறக்கி, 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். மூல ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

அப்புறம் ஒலி. படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், ஒலி எதிரொலித்தால் இரண்டாவது நிமிடத்திலேயே கவனம் போய்விடும். லேப்டாப் மைக்கை நம்ப வேண்டாம். சாதாரண இயர்போன் மைக் போதும்.

ஏற்றுதல்

இது எளிதான பகுதி. லேப்டாப் பிரவுசரில் உங்கள் பல்கலைக்கழகத்தின் மீடியாஸ்பேஸ் பக்கத்துக்குப் போய், பல்கலைக்கழக ஐடியால் உள்ளே நுழையுங்கள். மேலே வலது மூலையில் உங்கள் பெயரை அழுத்தினால் 'மை மீடியா' வரும். அதற்குள் 'ஆட் நியூ', அதில் 'மீடியா அப்லோட்'. சில இடங்களில் முதலில் ஒரு விதிமுறைப் பெட்டியில் டிக் அடிக்கச் சொல்லும். ஃபைலை இழுத்துப் போடுங்கள்.

ஏறிக்கொண்டிருக்கும்போதே பெயரை மாற்றிவிடுங்கள். போன் கொடுத்த எண் பெயரோடு விட்டால், நாற்பது மாணவர்களின் வீடியோக்களில் உங்களுடையதைத் தேடுகிற டிஏவுக்கு (பேராசிரியருக்கு உதவும் டீச்சிங் அசிஸ்டென்ட்) பாவம் கண் வலிக்கும். பாடத்தின் எண், குழு எண், தலைப்பு மூன்றும் பெயரில் இருந்தால் போதும். முழுதும் ஏறும்வரை அந்த டேபை மூட வேண்டாம், லேப்டாப்பைத் தூங்கவும் விட வேண்டாம். கடைசியில் மறக்காமல் 'சேவ்'.

சேவ் செய்ததும் உடனே ஓடாது. 'இன்னும் தயாராகிறது' என்கிற பொருளில் ஒரு செய்தி வரும். பயப்பட வேண்டாம். நீங்கள் கொடுத்த ஒரு ஃபைலைத் தளம் பல தரங்களில் திரும்பச் செய்து வைக்கிறது. ஒவ்வொன்றும் சில நொடித் துண்டுகளாகப் பார்ப்பவருக்குப் போய்ச் சேரும். பேருந்தில் மொபைல் டேட்டாவில் பார்ப்பவருக்குச் சிறிய துண்டுகள், நூலகத்தில் நல்ல வைஃபையில் இருப்பவருக்குப் பெரிய துண்டுகள் என்று பிளேயர் தானாகவே மாற்றிக்கொள்ளும். நடுவில் சுழலாமல் வீடியோ ஓடுவது இதனால்தான். பரீட்சை வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றும்போது இந்த வேலை இழுக்கலாம். கெடுவுக்கு முந்தைய நாளே ஏற்றிவிடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

யார் பார்க்கலாம்?

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

புதிதாக ஏற்றிய வீடியோ 'பிரைவேட்' என்ற நிலையில் இருக்கும். உங்கள் கண்ணுக்கு மட்டும். லிங்க்கை யாருக்கு அனுப்பினாலும் அவருக்குத் திறக்காது. வீடியோவுக்குக் கீழே 'ஆக்‌ஷன்ஸ்' என்ற மெனுவில் 'பப்ளிஷ்' என்று இருக்கும். அதைத் திறந்தால் மூன்று நிலைகள் தெரியும்: பிரைவேட், அன்லிஸ்டட், பப்ளிஷ்ட்.

அன்லிஸ்டட் என்றால் லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம். தளத்தின் தேடலில் வராது. வசதியானதுதான், ஆனால் அந்த லிங்க் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகும் என்பது உங்கள் பிடியில் இல்லை.

பப்ளிஷ்ட் என்றதும் பலரும் பயப்படுகிறார்கள், உலகத்துக்கே தெரிந்துவிடும் என்று நினைத்து. அப்படி இல்லை. அதை அழுத்தியதும் எந்த சேனலில், எந்தப் பிரிவில் என்று கேட்கும். உங்கள் வகுப்பின் மூடிய சேனலைத் தேர்ந்தெடுத்தால் அதன் உறுப்பினர்கள் மட்டுமே பார்க்க முடியும். எல்லோருக்கும் திறந்த பிரிவைத் தேர்ந்தெடுத்தால்தான் வெளியே தெரியும். ஆக, மூடிய சேனலில் பப்ளிஷ் செய்வது அன்லிஸ்டட் லிங்க்கைவிடப் பாதுகாப்பானது. பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், எங்கே பப்ளிஷ் ஆகிறது என்பதைப் பாருங்கள்.

ஒரே ஒருவர் மட்டும் பார்த்தால் போதும் என்றால் பிரைவேட்டிலேயே வைத்துவிட்டு, 'எடிட்' பக்கத்தில் 'கொலாபரேஷன்' டேபுக்குப் போங்கள். அங்கே அவரைக் 'கோ-வியூவர்' ஆகச் சேர்க்கலாம். குழு வேலைக்கும் இந்த டேப்தான் கைகொடுக்கும். ஒருவர் ஏற்றிவிட்டு மற்ற மூவரையும் 'கோ-எடிட்டர்' ஆகச் சேர்த்தால் தலைப்பைத் திருத்தவும், பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் கேப்ஷனைச் சரிசெய்யவும் எல்லோராலும் முடியும். ஏற்றியவர் ஊருக்குப் போய்விட்டார், போனை எடுக்கவில்லை என்ற தவிப்பு வராது.

கேன்வாஸ் போன்ற வகுப்புத் தளத்தில் அசைன்மென்ட்டாகக் கொடுப்பது என்றால், லிங்க்கை ஒட்டுவதைவிட, சமர்ப்பிக்கும் பெட்டியில் இருக்கும் கால்ட்டுரா பொத்தானை அழுத்தி வீடியோவை அங்கேயே பதிப்பது நல்லது. அப்படிச் செய்தால் வீடியோ பிரைவேட்டாக இருந்தாலும் அந்த வகுப்பின் ஆசிரியருக்கு அங்கேயே தெரியும். இந்த வழி இருக்கிறதென்று தெரிந்திருந்தால் என் முதல் செமஸ்டர் காலை வேறு மாதிரி விடிந்திருக்கும்.

லிங்க்தான் அனுப்ப வேண்டும் என்றால் 'ஷேர்' பொத்தானிலிருந்து எடுங்கள். எடிட் பக்கத்தில் நின்றுகொண்டு மேலே முகவரிப் பட்டையில் தெரிவதை நகல் எடுத்தால் அது திருத்தும் பக்கத்தின் முகவரி, மற்றவருக்குத் திறக்காது.

அனுப்பும் முன் ஒரு சோதனை. பிரவுசரில் இன்காக்னிட்டோ சாளரம் திறந்து லிங்க்கை ஒட்டுங்கள். அன்லிஸ்டட் வீடியோ என்றால் அங்கே ஓட வேண்டும். மூடிய சேனல் அல்லது கோ-வியூவர் என்றால் அங்கே லாகின் கேட்பதுதான் சரி. அப்போது வகுப்பு நண்பர் ஒருவரிடம் கொடுத்துத் திறக்கிறதா என்று கேளுங்கள். ஒரு நிமிட வேலை, தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

கேப்ஷன்

இதை விருப்பமிருந்தால் செய்யும் கூடுதல் வேலையாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு இது வீடியோவின் ஒரு பகுதி. காது கேளாத மாணவருக்கு கேப்ஷன் இல்லாத வீடியோ பூட்டிய வீடியோதான். அமெரிக்காவில் இதற்காகப் போராடித்தான் வழி பிறந்தது. தேசிய காது கேளாதோர் சங்கம் 2015இல் ஹார்வர்டு மீதும் எம்ஐடி மீதும் வழக்குத் தொடுத்தது. 2019இல் ஹார்வர்டும் 2020இல் எம்ஐடியும் கேப்ஷன் தர ஒப்புக்கொண்டு உடன்பாடு செய்துகொண்டன. நடுவில் 2017இல், இதே மாதிரிப் புகார் எழுந்த பிறகு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் தன் 20,000க்கும் மேற்பட்ட பாட வீடியோ, ஒலிப்பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. எல்லோருக்கும் கிடைக்கச் செய்வதற்குப் பதில் யாருக்கும் இல்லை என்றானது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சரி, செய்முறை. 'ஆக்‌ஷன்ஸ்' மெனுவில் 'கேப்ஷன்ஸ் அண்ட் என்ரிச்' என்று இருக்கும். மொழி ஆங்கிலம், சேவை மெஷின் என்று கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் தானியங்கிக் கேப்ஷன் வந்துவிடும். பல பல்கலைக்கழகங்களில் கேட்காமலேயே வரும். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். நம் உச்சரிப்பில் பேசும்போதும் துறைச் சொற்கள் வரும்போதும் இயந்திரம் தடுமாறும். ஐகன்வேல்யூ என்ற கணிதச் சொல்லை நான் சொன்னால், அதை 'ஐ கேன் வேல்யூ' என்று எழுதி வைத்திருந்தது, ஒரே வீடியோவில் பல தடவை. கேப்ஷன் எடிட்டரில் தேடி மாற்றும் வசதி இருக்கிறது, ஒரு சொல்லை ஒரே அடியில் எல்லா இடத்திலும் திருத்திவிடலாம். பெயர்கள், எண்கள், 'இல்லை' என்ற பொருள் தரும் சொற்கள் மூன்றையும் கட்டாயம் பாருங்கள். 'முடியும்' என்பதும் 'முடியாது' என்பதும் மாறிப்போனால் கேப்ஷனை மட்டும் நம்பியிருப்பவர் தப்பாகவே படித்துக்கொள்வார்.

தமிழில் பேசிய வீடியோ, உதாரணத்துக்குத் தமிழ்ச் சங்கத்தின் நிகழ்ச்சி என்றால், நீங்களே எஸ்ஆர்டி என்ற வகைக் கேப்ஷன் ஃபைல் எழுதி ஏற்றலாம். நோட்பேட் போதும். வடிவம் இவ்வளவுதான்:

1
00:00:01,000 --> 00:00:04,500
வணக்கம். எல்லோரும் வந்து உட்காருங்கள்.

2
00:00:05,000 --> 00:00:08,000
இன்னும் ஐந்து நிமிடத்தில் தொடங்கிவிடுவோம்.

முதலில் வரிசை எண், அடுத்து தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், அதன் கீழே பேச்சு, பிறகு ஒரு வெற்று வரி. நொடிக்கும் மில்லி நொடிக்கும் நடுவில் காற்புள்ளி வர வேண்டும், முற்றுப்புள்ளி அல்ல. சேவ் செய்யும்போது யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வரலாம். பிறகு எடிட் பக்கத்தின் 'கேப்ஷன்ஸ்' டேபில் ஏற்றிவிடலாம்.

மற்றவர்கள் இருக்கும் வீடியோ

ஜூம் வகுப்பை கிளவுடில் பதிவு செய்தால் பல இடங்களில் அது தானாகவே பதிவு செய்தவரின் மை மீடியாவுக்கு வந்து சேரும். நீங்கள் டிஏ என்றால் அதில் மாணவர்களின் முகம், பெயர், கேட்ட கேள்வி, சில சமயம் மதிப்பெண் பற்றிய பேச்சுகூட இருக்கும். மாணவர் கல்விப் பதிவுகளைக் காக்கும் ஃபெர்ப்பா என்ற 1974ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே பொருந்த வாய்ப்பு உண்டு. அந்தப் பதிவை அதே வகுப்பின் சேனலுக்குள் மட்டும் வையுங்கள், அன்லிஸ்டட் லிங்க்காக வெளியே விட வேண்டாம். வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் வந்த அரட்டையை எடிட்டரில் வெட்டிவிடுங்கள். அங்கே 'சேவ்' என்றால் மூலத்தின் மேலேயே எழுதும், 'சேவ் எ காப்பி' என்றால் தனி நகல் வரும். பழகும்வரை இரண்டாவதையே அழுத்துங்கள்.

அனுப்பிய பிறகு தப்பு கண்ணில் பட்டால் வீடியோவை அழித்துப் புதிதாக ஏற்ற வேண்டாம், லிங்க் செத்துவிடும். எடிட் பக்கத்தில் 'ரீப்ளேஸ் மீடியா' என்ற டேப் இருந்தால் அதில் புதிய ஃபைலைக் கொடுங்கள். லிங்க் மாறாது. பழைய கேப்ஷன் நேரம் தப்பிப் போகும், அதை மட்டும் மறுபடி செய்யுங்கள்.

பனோப்டோ என்றால்

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முளைத்து 2007இல் தனி நிறுவனமான தளம் இது. இங்கே எல்லாம் ஃபோல்டர் கணக்கு. வீடியோ எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அதன் அனுமதிதான் வீடியோவுக்கும் வரும். 'மை ஃபோல்டர்' என்பதில் போட்டால் உங்களுக்கு மட்டும், வகுப்பு ஃபோல்டரில் போட்டால் வகுப்புக்கு. அதனால் 'கிரியேட்' மெனுவில் 'அப்லோட் மீடியா' அழுத்தியதும் மேலே எந்த ஃபோல்டர் என்று காட்டுவதை முதலில் பாருங்கள். ஆசிரியர் அசைன்மென்ட் ஃபோல்டர் என்று தனியாக வைத்திருந்தால் அதில்தான் போட வேண்டும்.

படிப்பு முடிவதற்கு முன்

பட்டம் வாங்கிய பிறகு உங்கள் ஐடி சில மாதங்களில் மூடப்படலாம், அதோடு வீடியோக்களும் கைவிட்டுப் போகும். கடைசி செமஸ்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொரு வீடியோவின் எடிட் பக்கத்திலும் 'டவுன்லோட்ஸ்' டேபைத் திறந்து, வேண்டிய தரத்தில் டிக் அடித்து சேவ் செய்யுங்கள். வீடியோ பக்கத்துக்குத் திரும்பினால் இறக்கும் பொத்தான் வந்திருக்கும். கேப்ஷன் ஃபைலையும் சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள், அது வீடியோவுக்குள் ஒட்டிக்கொண்டு வராது.