அன்ரெனா வடிவமைப்புக்கு ஆக்கவுரிமை: விண்ணப்பிக்கும் முன்

கொழும்பு 10-இல் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போகுமுன் பழைய ஆக்கவுரிமை ஆவணங்களைத் தேட ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் தேடல் தளமான எஸ்பாஸ்நெட் இலவசம், அன்ரெனாக்கள் அதில் எச்01கியூ (H01Q) என்ற வகுப்பில் கிடக்கும். போன் சட்டகத்தில் பிளவு விட்டு அதையே அன்ரெனாவாக்கும் யோசனை ஏற்கெனவே ஏராளம், அதனால் உங்களுடையதில் உண்மையில் எது புதிது என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள்.

2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கேட்பது மூன்று: புதுமை, கண்டுபிடிப்புப் படி (துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாததாக இருப்பது), தொழிற்பயன். பலர் சறுக்குவது இரண்டாவதில்தான். இரண்டு பழைய ஆவணங்களைச் சேர்த்தால் இது வந்துவிடுமே என்று பரிசோதகர் கேட்பார். "எங்கள் அன்ரெனா சிறந்தது" என்பது அதற்குப் பதிலாகாது. பிளவு எங்கே, அன்ரெனாவுக்குச் சமிக்ஞை கொடுக்கும் ஊட்டும் புள்ளி எங்கே, கை பட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு (அன்ரெனா நன்றாக வேலை செய்யும் அலைவரிசை) எவ்வளவு நகர்கிறது என்ற அளவீடுகளை முதல் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள், ஏனென்றால் பிறகு புது விஷயம் சேர்க்க முடியாது. கோரிக்கைகளை, அதாவது எதற்குப் பாதுகாப்புக் கேட்கிறீர்கள் என்று சொல்லும் வரிகளை, அகலமானதிலிருந்து குறுகியது வரை படிப்படியாக அமையுங்கள். மேலே உள்ளது விழுந்தாலும் கீழே ஒன்று நிற்கும்.

அப்புறம், வெளிநாட்டிலும் வேண்டுமென்றால் முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதம்தான் அவகாசம். கண்காட்சியில் காட்டும் ஆசையைத் தயவுசெய்து விண்ணப்பிக்கும் வரை அடக்குங்கள்: முதலில் விண்ணப்பம்.